முந்நூற்றுப் பன்னிரண்டு பூனைகள்

புதிய மென்பொருளில் படங்கள் முன்பைவிட வேகமாகத் திறக்கின்றன. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். டீச்சர் இரண்டு இடத்தில் 'தயவுசெய்து' போட்டிருக்கிறார். கோபம் தலைக்கேறினால்தான் அவருக்கு இவ்வளவு மரியாதை வரும். தபால்காரர் சர்வரின் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். அதில் என் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, நேரம் வினாடி சுத்தமாக இருக்கிறது. மூன்று பக்கம் திறப்பதற்குள் மூச்சு வாங்கும் பழைய மென்பொருளுக்கு இதில் மட்டும் இவ்வளவு ஞாபகசக்தி.

விவரம் தெரியாதவர்கள் நாளைக்கு இதைப் படிக்க நேரலாம், அதனால் முதலிலிருந்தே வருகிறேன். எங்களுடையது ஒரு ரசிகர் தளம். இரண்டே வருடம் ஓடி நின்றுபோன ஒரு பழைய தொலைக்காட்சி கார்ட்டூன், கப்பலோட்டும் பூனை ஒன்றுதான் கதாநாயகன். அதை எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள். நாங்கள் விடுவதாக இல்லை. பதினொரு வருடமாக நாலாயிரம் பேர் அந்தப் பூனையை விதவிதமாக வரைந்து தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லாத மூன்று பேர் அதைக் கட்டி மேய்க்கிறோம். டீச்சர் பஞ்சாயத்துகளைத் தீர்த்துவைப்பார். தபால்காரர், அவர் நிஜமாகவே தபால்காரர்தான், எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியைத் தன் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் நான் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். தளத்தைத் திறந்ததும் தெரிகிறதே முகப்புப் படம், பாய்மரத்து உச்சியில் நின்று பூனை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிற படம், அதுவும் என் பெயரில்தான் இருக்கிறது. அதனால் என்னை எல்லாரும் 'கேப்டன் அண்ணா' என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரொம்பவும் வற்புறுத்திச் சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்துவிட்டால் அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நங்கூரம் போடுவோம். நங்கூரம் போட்ட கணக்கை யாரும் தொடக் கூடாது. படங்கள் அப்படியே இருக்கும், மென்பொருளும் அதைச் சீண்டாது. இதுவரை ஏழு நங்கூரங்கள். ஏழாவது, சுண்டெலி.

சுண்டெலி என்பது அவளே தளத்தில் வைத்துக்கொண்ட பெயர். பதினான்கு வயதில் வந்தாள், இருபத்துமூன்றில் நோய் கொண்டுபோய்விட்டது. நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பூனைகள் வரைந்தாள். நன்றாகத்தான் வரைந்தாள். அதை ஒப்புக்கொள்ள முடியாத அளவுக்கு நான் சின்னப்புத்திக்காரன் இல்லை.

அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவள் போன மறுமாதம் எனக்கு எழுதினார். "சார், நான் சுண்டெலியோட அப்பா. பாப்பாவோட கம்ப்யூட்டர் அவளுக்கு முன்னாடியே போயிடுச்சு. வீட்ல ஒரு படம்கூட இல்ல, எல்லாம் உங்க சைட்லதான் இருக்கு. நேரா பாப்பா பக்கத்துக்கே போற மாதிரி என் தங்கச்சி போன்ல வெச்சுக் குடுத்திருக்கா. காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தினம் ஒண்ணு பார்க்கிறேன். முந்நூத்திப் பன்னிரண்டு முடிஞ்சதும் மறுபடியும் ஒண்ணுல இருந்து." நங்கூரத்தை என் கையால்தான் போட்டேன். போடும்போது கண் கலங்கியது. இதை நீங்கள் நம்பப் போவதில்லை, போகட்டும்.

இனி மென்பொருள் விஷயம். பழைய பதிப்பை உருவாக்கியவர்கள் அதைக் கைகழுவி நாலு வருடம் ஆகிறது. சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்கள் மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். புதிய பதிப்புக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நான் ஒரு வெள்ளோட்டப் பிரதி செய்து உங்கள் இருவருக்கும் காட்டினேன். தபால்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அண்ணே, இங்க பாருங்க, ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் அதே மாதிரி இருக்கிற படத்தையெல்லாம் தானா தேடிப் போடுது. பழசுல இருந்து வரிசையா." டீச்சரும் கைதட்டினார். இந்த வசதி கட்டாயம் வேண்டும் என்று இரண்டு ஓட்டு விழுந்தது. என் ஓட்டுக்கு அவசியமே இருக்கவில்லை.

அன்று கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், முகப்புப் படத்தை வெள்ளோட்டப் பிரதியில் திறந்து பார்த்தேன். கீழே முதலாவதாக ஒரு பூனை வந்து நின்றது. பாய்மரத்து உச்சி, தோளுக்கு மேலாகத் திரும்பிய பார்வை, காற்றில் மடங்கிய காது. வரைந்தவர், சுண்டெலி. என் படத்துக்கு ஆறு மாதம் முந்தைய தேதி.

விளக்கிவிடுகிறேன். அவள் தளத்துக்கு வந்த புதிதில் ஏற்றிய படம் அது. மொத்தம் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். நான் அதைத் திரையில் அடியில் வைத்து மேலே கோடு ஓட்டினேன், வண்ணம் கொடுத்தேன், கடலைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். கடல் முழுக்க முழுக்க என்னுடையது. இதற்கு வேறு பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நான் பயிற்சி என்பேன். ஒன்பது பேர் பார்த்த ஒரு பூனையை ஊரே பார்க்கும்படி செய்ததற்கு அவள்தான் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஒருவகையில் சொன்னாள். "அண்ணா, முகப்புப் படம் சூப்பரா இருக்கு. நானும் இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சிருக்கேன், பார்த்தீங்களா?" என்று தனிச்செய்தி அனுப்பினாள். "இல்லியேம்மா, அப்புறமா பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் எட்டு வருடத்துக்கு மேல் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல பெண். அந்த நல்லதனம் எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

இந்த நேரத்தில் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை, தளத்தைப் பற்றி யோசித்தேன். கேப்டனே இப்படியா என்று நாலாயிரம் பேர் அடித்துக்கொண்டால் யாருக்கு லாபம்? இறந்துபோன ஒரு பெண்ணின் பெயர் வேறு தெருவுக்கு வரும். அவளுக்கு அது பிடித்திருக்காது, அவள் அமைதியான சுபாவம்.

அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்திருக்கலாமே என்று டீச்சர் கேட்பார். எடுத்திருக்கலாம். ஆனால் தினமும் எண்ணிப் பார்க்கும் ஓர் அப்பா இருக்கிறார். முந்நூற்றுப் பதினொன்று என்றால் யாரோ கை வைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் இல்லையென்றால் அது விபத்து. நானும் ஒரு விபத்தைத்தான் ஏற்பாடு செய்தேன்.

உறுப்பினர் எல்லாருக்கும் ஒரு மெயில் போகட்டும், முப்பது நாளுக்குள் 'சம்மதம்' என்று அழுத்தியவர்களின் படங்கள் மட்டும் புதிய தளத்துக்கு வரட்டும் என்று நான் சொன்னதும் இருவரும் உடனே ஒத்துக்கொண்டீர்கள். "நங்கூரம் போட்டவங்க?" என்று டீச்சர் கேட்டார். "அவங்க தானா வந்துருவாங்க டீச்சர்" என்றேன். உண்மைதான். ஆறு பேர் தானாக வந்தார்கள். சுண்டெலியின் நங்கூரத்தை மட்டும் நான் எடுத்துவிட்டேன். தபால்காரர் ஒட்டியிருக்கும் வரி அதுதான்.

நங்கூரம் போனதும் மென்பொருள் அவளை உயிரோடு இருப்பவளாகவே நடத்தியது. முறைப்படி மெயில் அனுப்பியது. பத்தாம் நாள் ஒரு நினைவூட்டல், இருபதாம் நாள் ஒன்று. முப்பது நாள் பொறுமையாகக் காத்திருந்தோம். அவள் பதில் போடவில்லை. அவளோடு சேர்த்து மெயில் பார்க்கும் பழக்கமில்லாத இன்னும் நாற்பத்தொரு பேர் விடுபட்டுப் போனார்கள். அவள் தனியாகத் தெரியாமலிருக்க அதுவும் உதவியது.

இதற்கிடையில் அந்த அப்பா அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதினார். "ஏதோ மாத்தப் போறீங்கன்னு போட்டிருக்கே சார். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. என் தங்கச்சியைக் கூப்பிட்டு படத்தையெல்லாம் எடுத்து வெச்சுக்கட்டுமா?" மனுஷன் பயந்துபோயிருந்தார், அவரை அலைக்கழிக்க மனம் வரவில்லை. "ஒண்ணும் எடுக்க வேண்டாம்ப்பா. நான் இருக்கேன்ல, நிம்மதியா இருங்க" என்று எழுதினேன். அன்றே தபால்காரரின் ஹார்ட் டிஸ்கையும் சோதித்துத் தருகிறேன் என்று வாங்கிவந்தேன். மாற்றம் முடிந்ததும் அதிலிருந்த பழைய பிரதியை அழித்து, புதிய தளத்தை அதில் நிரப்பி, துடைத்து, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உறை என் சொந்தச் செலவு.

வருத்தம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அந்த மனிதர் போன வாரம் கடைக்கே வந்துவிட்டார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையில் கிரீஸ் கறை. வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார்.

"எல்லாமே போயிடுச்சா சார்?"

"மெயில் அனுப்பினோம்ப்பா. பதில் வரல."

"அவ எப்படி சார் பதில் போடுவா?"

கோபமாகக் கேட்கவில்லை. வேறு ஏதாவது வழி இருந்து தனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று கேட்பவர் போலக் கேட்டார். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ஒண்ணு பாப்பா வரைஞ்ச மாதிரியே இருக்கே சார். அந்தக் காது..."

"அது நான் வரைஞ்சது. தளத்துல முக்கால்வாசிப் பேரு அதைப் பார்த்துதான் கத்துக்கிட்டாங்க."

"அப்போ அவளும் உங்களைப் பார்த்துதான் கத்துக்கிட்டாளா?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இது ஒண்ணு கிடைக்குமா சார்? வீட்ல மாட்டிக்கிறேன். அவளோடது இல்லாட்டியும் பரவால்ல" என்றார்.

இப்போது சொல்லுங்கள், கல்நெஞ்சக்காரன் செய்கிற வேலையா இது? கடையிலேயே இருக்கும் நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கீழே வலது மூலையில் என் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் வரைந்தது என்று அவருக்கு எந்தக் குழப்பமும் வரக் கூடாது, பாருங்கள்.