மூன்று சொட்டுத் தண்ணீர்

காலை ஐந்தரைக்கு எழும்புவேன். வாசமில்லாத சவர்க்காரத்தால் முகம் கழுவுவேன். சீனி போடாத தேநீர் ஒன்று. வெங்காயம், கருவாடு எதையும் தொடமாட்டேன். விஸ்கி சுவைத்துப் பார்க்கும் நாட்களில் மூக்கு வெறுமையாக இருக்க வேண்டும். போன சனிக்கிழமையும் அப்படித்தான். போடவேண்டிய வெள்ளைச் சேட்டை நானே அயன் பண்ணினேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் இராசதுரை முதலாளியின் விடுதியில் மதுச்சாலை என் பொறுப்பு. அதற்கென்றே படித்தவன். முதலாளியிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஊற்றுகிறவன் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். எனக்கு முன்பிருந்தவன் விலை கூடிய போத்தல்களில் சாராயம் நிரப்பி அகப்பட்டதிலிருந்து இந்த வழக்கம்.

போன வருடம் மாசியில் முதலாளி கப்பல் கொம்பனிக்காரர் மூன்று பேரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஆறு போத்தல்கள் திறந்தோம். கடைசியானது ஸ்கொட்லாந்து விஸ்கி. ஷெரி வைன் ஊறிய ஒரேயொரு மரப்பீப்பாயில் இருபத்தொரு வருடம் கிடந்தது, வேறெதனோடும் கலக்காதது. அந்தப் பீப்பாயில் மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு போத்தல்கள். பனங்கட்டிப் பாகின் நிறம். முதலில் உலர்ந்த கொடிமுந்திரிகை மணக்கும். பிறகு தோடம்பழத் தோல். அடியில், பழைய அலுமாரியைத் திறந்ததுபோல ஒரு மணம்.

“இன்னும் ஒருக்கா குடியும் தம்பி. உம்மட கலியாணத்திலயும் இப்பிடி ஒண்டு கிடைச்சிராது,” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். குடித்தேன்.

நாலரைக்கு என் மனைவி தயாளினி என்னைக் கூட்டிப்போக வந்தாள். அவளுக்குச் சீனன்குடாவில் வேலை. தினமும் தன் ஸ்கூட்டியில்தான் போய்வருவாள். அன்று ஸ்கூட்டியை நான் ஓடினேன். அவள் பின்னால் இருந்தாள். கோட்டை வாசலருகே வீதியில் ஒரு மான் நின்றது. இந்த ஊர் மான்கள் வாகனத்துக்கு விலகுவதில்லை. அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் பிறேக் பிடிக்கப் பிந்திவிட்டது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று முதலாளி பொலிசில் சொன்னார். என்னைக் காப்பாற்றினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் மறக்கவில்லை. அந்த மிடறுகளை என் வாயில் ஊற்றியவர் அவர். ஆகவே அவளைக் கொன்றவரும் அவர். இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

தயாளினியின் ஆட்டைத் திவசத்துக்கு வந்தார். வயிறாரச் சாப்பிட்டார். போகும்போது என் தோளில் கை வைத்து, “ஒரு வருசம் முடிஞ்சுது சிந்துஜன். நாளைக்கு அந்தப் போத்தலை எடும். ரெண்டு பேருமா இருந்து குடிப்பம்,” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பகல் பதினொரு மணி. அவர் முன்னால் என் பங்கைக் குடித்துக் காட்டினேன்.

“எப்பிடி?”

“முந்தியை விட நல்லா இருக்கு முதலாளி.”

அவருடைய கிளாசில் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டேன். மூன்று சொட்டு விட்டால் மணம் திறக்கும். அதை அவருக்குப் பழக்கியவன் நான்தான். விஸ்கியைத்தான் நான் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீரைக் குடித்துக் காட்டச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று உங்கள் பொலிஸ் ஆய்வுகூடம் சொல்லும்.

கண்ணை மூடி மணந்தார். “தோடம்பழம்,” என்றார். சரியாகச் சொன்னார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இருபது நிமிடம் எடுத்தது. “டொக்டரைக் கூப்பிடும் தம்பி, ஏலாது,” என்றார். தொலைபேசி மேசையில்தான் இருந்தது. நான் என் கிளாசைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். அவருடையதை உங்களுக்காக அப்படியே விட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். தயாளினி வீதியில் என் மடியில் கிடந்து, “அந்த மனிசனைச் சும்மா விடாதேங்கோ,” என்று கேட்டதாக நேற்று எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் திருத்த வேண்டும், ஐயா. விழுந்த பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. வழியிலும் பேசவில்லை. அவள் கடைசியாகப் பேசியது விடுதி வாசலில். ஸ்கூட்டியைக் கிளப்பும் திறப்பை நான் அவளிடமிருந்து பறித்து வைத்திருந்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“நல்லாக் குடிச்சிருக்கிறியள். திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்.”