கொஞ்சம் நடுங்கிப் பாக்கிறன்

கனடாவின் லவால் நகரில் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரியும் அவர் தங்கையும். கன்னியாஸ்திரி ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் ஊழியம் முடித்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது.

"கோட்டுப் பட்டனைப் பூட்டுங்கோ அக்கா."

"விடடி, கொஞ்சம் நடுங்கிப் பாக்கிறன். அங்க ஈரத் துவாயைத் தலையில போட்டுக்கொண்டுதான் செபம் சொல்லுவம். ஆமென் சொல்ல முந்தித் துவாய் காஞ்சிடும்."

தங்கை சிரித்தாள். "அந்த வெயிலில உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஒருநாள் வழியில மயங்கி விழுந்திட்டன். கிணத்தால வந்த ஒரு மனுசி, குடத்துத் தண்ணி முழுக்க என்னில ஊத்திப்போட்டா. அவவாலதான் இண்டைக்கு உனக்குப் பக்கத்தில நிக்கிறன்."

"பேந்து?"

"பேந்தென்ன, வெறுங்குடத்தோட திரும்பவும் கிணத்துக்கு நடந்தா. நானும் கூடப் போனன். வழி முழுக்கத் தன்ர நிழல் என்னில விழுற மாதிரியே நடந்தா."