டுவின்டில், வினைச்சொல்

— ...டுவின்டில், வினைச்சொல். ஒண்ணு, சிறுகச் சிறுகக் குறைதல், கமா, அருகுதல், புள்ளி. எடுத்துக்காட்டு, ஏரியில் நீர் வற்றிக்கொண்டே போயிற்று, புள்ளி. ரெண்டு, செல்வாக்கு...

— நில்லுங்க அக்கா. ஏரின்னா வாசிச்சீங்க?

— ஆமா. தாள்ல உள்ளதைத்தானே வாசிக்கிறேன். நீ உன் அச்சுப்படியைப் பாரு, தம்பி.

— இதுல சோப்பு இருக்கு. 'சோப்பு கரைந்து கரைந்து நகமளவு ஆயிற்று.'

— அப்ப அச்சு கோத்தவங்க தப்பு. வட்டம் போடு.

— உங்க கையில இருக்கற மூலத்துலயும் சோப்புதான். நேத்து சாயங்காலம் அகராதி ஆசிரியரே ஏரியை அடிச்சுட்டு எழுதினார். சிவப்பு மை, இவ்வளவு பெருசா.

— கண்ணாடியில தூசி.

— கண்ணாடி உங்க தலைமேல இருக்கு.

— ...கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— நாலு மாசமா எழுத்து தெரியலைடா. ஒரேயடியா குறைஞ்சா இந்த இங்கிலீஷ் சொல்லைப் போடக்கூடாதுன்னு போன வாரம் சண்டை போட்டோமே... கொஞ்சம் கொஞ்சமா, கூட இருக்கறவங்களுக்கே தெரியாம குறையணும்னு. என் பார்வை அப்படித்தான் போச்சு.

— இத்தனை பக்கத்தை எப்படிக்கா...?

— காலையில மக வாசிப்பா. ரெண்டு தடவை கேட்பேன். மூணாவது தடவை நான் சொல்ல, அவ சரிபார்ப்பா.

— கமா, புள்ளி எல்லாமா?

— அதுக்குத்தானே சம்பளம்.

— அம்மாடியோவ்! எனக்கு வீட்டு போன் நம்பரே தலைகீழா நின்னாலும் வராது. நூறு பக்கம், அக்கா! நிஜமாவே சிலிர்க்குது. கையைப் பாருங்க.

— பார்க்கவா சொல்றே?

— ஐயோ... தொட்டுப் பாருங்க.

— போடா... ஆமா, சிலிர்த்துத்தான் இருக்கு. மதியம் ஆசிரியர் பக்கத்துல உக்காந்து கேட்கப்போறாராம். இன்னொரு வரி மாறியிருந்தா என் வேலை போச்சு.

— வேற எதுவும் மாறலை. அதை மட்டும் ஒரு தடவை சொல்லுங்க.

— சோப்பு கரைந்து கரைந்து நகமளவு ஆயிற்று, புள்ளி.

— ஒரே ஒரு தடவை கேட்டதுக்கா! மனுஷிதானா நீங்க?

— சும்மா இரு. எனக்கு வேற பயம். மக இந்தப் பக்கத்தையெல்லாம் யார்கிட்டயோ திருட்டுத்தனமா வாங்குறா. யாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. அந்த ஆளு நாளைக்கு எங்கயாவது உளறிட்டா?

— உளற மாட்டான். நேத்து திருத்தம் வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு போட்டோ எடுத்து உங்க மகளுக்கு அனுப்பிட்டான், மடையன். இனிமே ஆபீஸ்லேர்ந்து கிளம்பும்போதுதான் அனுப்புவேன், அக்கா.