எந்தப் பெட்டி நல்ல பெட்டி

இரண்டு கன்வெர்ட்டர்களை ஒப்பிடும்போது முதலில் அவற்றின் சத்த அளவைச் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பதையே காது நல்லது என்று நம்பிவிடும். இந்த விஷயத்தில் நான் கறார். அதனால்தான் இன்ஸ்பெக்டர் ஐயா, கைதவறி நடந்த விபத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டது எனக்கு உறுத்துகிறது.

பாடுகிறவரின் குரலை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டிதான் கன்வெர்ட்டர். என் ஸ்டுடியோவில் இருப்பதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். என் மனைவியின் தம்பி, மாடி அறையில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவைத்துப் பதிவு செய்பவன். அவனுடைய பெட்டி சோப்பு டப்பா அளவுதான், விலையும் சொற்பம். ஆனால் என்னிடம் பாடியவர்கள் ஒவ்வொருவராக அவன் மாடிப்படி ஏறினார்கள். "தம்பிகிட்ட பாடினா என் குரல் எனக்கே புடிக்குது," என்றார் நான் வளர்த்துவிட்ட பாடகி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அந்தப் புல்லைப் பார்த்து என் வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

"அப்படி என்னடா இருக்கு அந்த டப்பாவுல?" என்று கேட்டேன்.

"டப்பாவுல ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் காதுலதான் இருக்கு," என்று சிரித்தான். குத்திப் பேசத் தெரியாத பிள்ளை.

என் ஸ்டுடியோவிலேயே பரீட்சை வைத்தோம். ஒரே குரலை இரண்டு பெட்டிகள் வழியாகவும் பதிவு செய்திருந்தோம். எது எதுவென்று தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். அவள் மாற்றி மாற்றிப் போட்டாள். பாடகி சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முதலில் என் முறை. என்னுடையது என்று நான் அடித்துச் சொன்னதெல்லாம் அந்த சோப்பு டப்பா. பிறகு அவன் கண்ணை மூடிக் கேட்டான். முதல் வரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டதை முகத்தில் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"எனக்கும் வித்தியாசம் தெரியல மாமா," என்றான்.

அவன் ஜெயித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்காகத் தோற்றான். "என் தம்பிக்கு எவ்ளோ பெரிய மனசு, பாத்தீங்களா?" என்று மனைவி என்னிடமே கேட்டாள்.

மறுநாள் அவனைத் தனியாக அழைத்தேன். ஹெட்போனில் இன்னும் நுணுக்கமாகக் கேட்கலாம் என்றேன். பாடகி பாடுவதற்கு முன் இழுத்த மூச்சை மட்டும் போட்டேன். மெல்லிய மூச்சு. அதனால் வால்யூம் கடைசிவரை திறந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. "நல்லா கூர்ந்து கேளு," என்றேன். இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அப்போது கருவிகளைச் சோதிக்கும் விசில் ஒலியைத் திறந்துவிட்டேன். அவன் பிடுங்கி எறிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கை தவறவில்லை ஐயா. இந்தத் தொழிலில் என் கை தவறியதே கிடையாது. தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவனை நான் கைவிட்டுவிடவில்லை. என் ஸ்டுடியோவில்தான் கேபிள் சுற்றிக்கொண்டிருக்கிறான். வலது காது போய்விட்டது, இடது காதில் ஓயாத இரைச்சல். பதிவு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் உதட்டையே பார்ப்பான்.

"எது நல்லாருக்கு மாமா?"

என் பெட்டியைக் காட்டுவேன். உடனே தலையாட்டுவான். என் காதின் மேல் அவனுக்கு எப்போதுமே மரியாதை உண்டு.