சுல்தான் அரண்மனைப் பொண்ணு

குனிஞ்சே இருடி லோட்டி, பீர் கண்ணுல போனா எரியும். நாத்தமா? பழகிடும். பீர்ல அலசிக் காயவெச்சு, பிச்சுப் பிச்சு விட்டாத்தான் இப்படிப் புதர் மாதிரி நிக்கும். காகசஸ் மலைப்பக்கத்து சர்க்கேசியப் பொண்ணுங்க தலை இப்படித்தான்னு நியூயார்க்கே நம்புது. நான் அயர்லாந்துல பொறந்தவ, நீ ஜெர்சி. முதலாளி ஹக்கின்ஸுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

நாளையிலேருந்து எனக்குப் பதிலா நீதான் ஸலூமா. மேடைல சும்மா உக்காரு. சுல்தான் அரண்மனைலேருந்து காப்பாத்திக் கொண்டாந்த கதைய அவரே அளப்பாரு. உனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஞாபகம் இருக்கட்டும். எவனாவது காலை மிதிச்சாலும் கத்தக்கூடாது. யார் என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுன்னு சொல்லுவாரு. நீ ஆட்டாதே.

ஏனா? போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. நிஜ சர்க்கேசியாக்காரங்க. அட, சத்தியமாடி! ரஷ்யாக்காரன் ஊரையே தொரத்தினப்போ கப்பலேறினவங்க. இங்க ஆர்மீனியக் கம்பளக்காரர் வீட்ல சமையல். அவங்க பாஷையில ஏதோ ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டாங்க. குட்டு உடைஞ்சுதுன்னே நெனச்சேன். ஹக்கின்ஸ் வேற பக்கத்துல நின்னு முறைக்கிறாரு. சிரிச்சேன். தலையாட்டினேன். அரண்மனைல வளந்ததுல பாஷை பேச மறந்துபோச்சு, கேட்டா மட்டும் புரியுதுன்னு நெனச்சிருப்பாங்க. என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்து, துணில சுத்தின பாலாடைக்கட்டியை மடில வெச்சுட்டுப் போனாங்க. நல்ல ருசி. எல்லாரும் பங்கு போட்டுத் தின்னோம்.

மறுவாரம் அந்தக் கம்பளக்காரர் வந்து ஹக்கின்ஸுக்கு நன்றி சொல்றாரு. இங்கிலீஷ்ல, என் முன்னாலயே! எனக்குத்தான் புரியாதே, பொம்மையாட்டம் உக்காந்திருக்கேன். இஸ்தான்புல் துறைமுகத்துல அந்தம்மாவோட மகளை அரண்மனைக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். பதினேழு வருஷமா ஆள் விட்டுத் தேடியிருக்காங்க. இப்ப தேடறத நிறுத்திட்டாங்களாம், மக போயிட்டான்னு துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திட்டாங்களாம். இனியாவது அந்தம்மா தூங்குவாங்க, உங்க ஸலூமா புண்ணியம்னு சொல்லிட்டுப் போறாரு.

பாவம் பண்ணிட்டேன்டி. அதான் வேலைய விடறேன், உடம்பு சரியில்லன்னதெல்லாம் பொய்.

என் மகளை அரண்மனைல பாத்தியா, செத்துட்டாளான்னு கேட்டிருக்காங்க. நான் சிரிச்சுக்கிட்டே ஆமான்னுட்டேன். அந்த வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். உண்மையைச் சொல்லிடலாம்னு நாலு தடவை வாசல் வரைக்கும் போயிட்டு, கதவைத் தட்டாம வந்துட்டேன்.