காத்திருக்காத தாளம்

“அழுவுற வேலையெல்லாம் அந்தம்மாதான் பாக்குது. பொட்டி அது பாட்டுக்கு டக்கு டக்குன்னு போயினே இருக்குது.”

கீழ்பென்னாத்தூர் பேருந்தில் என் பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண் இதைச் சொன்னாள். மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். காதில் வாக்மேன். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த இங்கிலாந்துக்காரர் கொடுத்த கேசட்டாம்; மெஷின் தாளத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடியது. அவள் பக்கத்தில், மடியில் கீபோர்டோடு ஓர் இளைஞன்.

“அதான்க்கா. தாளம் மொத்தமும் மெஷினு. உசுரு மட்டும் அந்தம்மாவோடது. இன்னிக்கு ரிசப்ஷன்ல நாமளும் அப்படித்தான்.”

“தபேலாக்காரருக்கு ஜுரம்னு என்னை இந்தக் கீபோர்டு தாளத்தோட மாட்டி வுட்டுட்ட. நான் மூச்சு வாங்குனா அவரு நிப்பாரு. இது நிக்குமா?”

“நிக்காது. அந்தம்மா மட்டும் அது பின்னாடி ஓடுதா? ஆற அமர வந்து குந்துது.”

“மேடையில தப்பாச்சுன்னா உன்னைத்தான் கை காட்டுவேன்.”

“காட்டுக்கா. இப்ப பாடு.”

அவன் என் இருக்கைக் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினான். அவள் தாழ்ந்த குரலில் பாடினாள். ஓரிடத்தில் மூச்சு வாங்கினாள், விரல் நிற்கவில்லை. அடுத்த சொல்லை ஒரு தட்டு தள்ளி எடுத்து, ஈரப்புடவையைக் கொடியில் போடுவதுபோல் அந்தத் தாளத்தின்மேல் நீளமாகப் போட்டாள்.

எதிர்ப்பக்கம் வேர்க்கடலை மூட்டையோடு இருந்த அம்மாள் திரும்பினார்.

“இன்னொரு தபா பாடும்மா.”

“லேட்டா எடுத்துட்டேன்லம்மா?”

“ஆமா, லேட்டுதான். அங்கதான் எனக்குச் சிலுத்துச்சு.”

தட்டிக்கொண்டிருந்தவன் சிரித்துக் கையை எடுத்துவிட்டான்.

“ஏய், தட்டு தம்பி,” என்றாள் பாடகி. “எனக்காக நிக்கவே நிக்காத.”