துடைத்து வைத்த மெஷின்

ஈரப்புல்லை வெட்டக் கூடாது. புல் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். நன்னிலம் தாலுகாவில் என்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்பதால் இதுவரை யாரிடமும் சொல்ல வாய்க்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடம் குன்னூரில் வாங்கியது. பெட்ரோலில் ஓடும். ஈரப்புல் பிளேடில் அப்பிக்கொண்டால் திணறி நின்றுவிடும். அப்போது மெஷினைச் சாய்த்து, புல்லை மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். கார்புரேட்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்ப்பது முக்கியம். இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கிப் புகை கக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றிவிட வேண்டும். வயர் இருக்கும்வரை பிளேடை நம்பக் கூடாது. இந்த வேலைகளை நான் ஆட்களிடம் விட்டதே இல்லை. கட்டிய பெண்டாட்டியைவிட அதற்குத்தான் உபசாரம் அதிகம் என்பாள் என் மனைவி. கொஞ்சம் உண்மைதான்.

மருதையன் என் குத்தகைக்காரன். வாய்க்கால் ஓரத்து நஞ்சையை அவன் அப்பன் காலத்திலிருந்தே பயிர் செய்கிறான். நல்ல உழைப்பாளி, அதை மறைக்க மாட்டேன். கழக ஆட்சி வந்த பிறகு ‘ஆண்டை’ என்பதை விட்டுவிட்டு ‘ஐயா’ என்றான். அதற்கும் நான் கோபப்படவில்லை. பிறகு குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. தன் பெயரைப் பதியச் சொல்லி அவன் மனுக் கொடுத்தான். பதிந்துவிட்டால் அவனை அங்கிருந்து நகர்த்த முடியாது. என் பிள்ளைக்கு அது காகிதத்தில் மட்டும்தான் நிலம்.

வக்கீலிடம் போனேன். தன் உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்கிறவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்றார். உழைக்க முடியாதவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அவருக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மனுவின் விசாரணைக்கு முந்தின வாரம் மருதையனை பங்களாவுக்கு வரச் சொன்னேன். சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் ஈரப்புல்லை வெட்டினேன். மெஷின் நின்றது. நான் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடைத்திருக்கும் புல்லைக் கையால் எடுத்துவிடும்படி அவனிடம் சொன்னேன். நான் அதைச் சுத்தம் செய்வதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

“வயரக் கழட்டியாச்சுங்களாய்யா?”

“ஆச்சு. கைய விடு.”

அவன் என்னை நம்பினான். இதைச் சொல்லும்போது எனக்குள் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வலது கை முழுசாக உள்ளே போனதும் மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். மெஷின் தானாகக் கிளம்பியது என்று முதலில் நான் எழுதிக் கொடுத்தது பொய். சூடான எஞ்சின், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அவனை என் வில்வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வண்டி போன பிறகு பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். ரத்தம் பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசாக அரம் போட்டு, ஆயில் தடவி, மெஷினைத் துடைத்து வைத்தேன்.

இந்தப் பக்கத்தில் குடியானவன்மேல் கோபம் வந்தால் குடிசையைக் கொளுத்துகிறவர்கள் உண்டு. நான் அப்படிப்பட்டவன் இல்லை. சட்டம் எதைக் கேட்டதோ அதை மட்டும்தான் அவனிடமிருந்து எடுத்தேன்.

விசாரணையன்று மருதையன் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தான். விரல்கள் போய்விட்டன, இனி இவனால் பயிர் செய்ய முடியாது என்று என் வக்கீல் எடுத்துச் சொன்னார். வீட்டில் வேறு யாராவது வயலில் இறங்குகிறார்களா என்று அதிகாரி கேட்டார். அவன் பெண்டாட்டி நாகம்மாள் முன்னால் வந்தாள்.

“நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாத்துலயும் நானும் நின்னவதாங்க. இப்ப மம்பட்டியும் நாந்தான் புடிக்கிறேன்.”

இத்தனை வருஷமாக அவளை அந்த வயலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது உழைப்பில் சேரும் என்று எனக்குத் தோன்றியதில்லை. குடும்பத்தாரின் உழைப்பும் குத்தகைக்காரனின் சொந்த உழைப்புதான், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார் அதிகாரி. நிலத்தின் குத்தகை மருதையன் பெயரில் பதிவாகிவிட்டது.

வக்கீல் அன்றைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை முழுசாகச் சொல்லியிருந்தால் மருதையனுக்குக் கை இருந்திருக்கும். அவர்மேல் ஏதாவது வழக்குப் போட முடியுமா, இன்ஸ்பெக்டர்?